கால் அச்சு முதல் இன்சோல் வரை: கம்ப்யூட்டர் என்ன செய்கிறது?

ஸ்கேனர் என்றதும் ரேஷன் கார்டையும் மார்க் ஷீட்டையும் பிரதி எடுக்கும் கருவிதான் நம் நினைவுக்கு வரும். பிரிண்டர் என்றால் பேப்பரும் இங்க்கும். ஆனால் ஸ்கேனர், பைல், பிரிண்டர் என்ற இந்த மூன்றையும் வைத்துக் கொண்டு, ஒருவரின் பாதத்திற்கு மட்டுமே பொருந்தும் இன்சோலையும் தயாரிக்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுக்கும் சீட்டின்படி, அளவெடுத்துத் தயாரிக்கப்படும் இந்த இன்சோலுக்கு ஆர்த்தோட்டிக் என்று பெயர்.

கம்ப்யூட்டர் இதழில் காலுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். பிக்ஸெல், பைல் பார்மட், பைல் சைஸ் என்று நீங்கள் இப்போதுதான் பழகி வரும் விஷயங்கள் எல்லாமே இதில் வருகின்றன. இன்னொரு காரணமும் உண்டு. 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவராவது இருப்பார். அவருடைய காலைக் காப்பாற்றும் வேலையில் கம்ப்யூட்டர் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

யாருக்கு இது தேவை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். கால் வலிக்கிறது என்ற எல்லோருக்கும் அளவெடுத்த இன்சோல் தேவையில்லை. காலையில் எழுந்ததும் குதிகால் வலிக்கும் சாதாரணப் பிரச்னைக்கு, கடையில் கிடைக்கும் ரெடிமேட் இன்சோலும் தனியாகச் செய்த இன்சோலும் ஏறக்குறைய ஒரே பலனைத்தான் தருகின்றன என்று ஆய்வுகள் கூறுகின்றன. கடிதம் டைப் செய்ய மட்டும் கம்ப்யூட்டர் வாங்குபவருக்கு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு எதற்கு? அது போலத்தான் இதுவும்.

உண்மையான தேவை யாருக்கு என்றால், பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதபோது கால் நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. கள்ளக்குறிச்சிப் பக்கம் கரும்பு வெட்டிய வயலில் நடப்பவருக்குக் கரும்புக் கட்டை குத்தினால் உடனே தெரிய வேண்டும். உணர்ச்சி போனவருக்குத் தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து, தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். முள்ளும் கட்டையும் குத்தினால்தான் ஆபத்து என்றில்லை. ஒரே இடத்தில் தினமும் விழும் அழுத்தமே தோலைத் தடிக்க வைத்து, உள்ளே புண்ணாக்கி விடும். அந்தப் புண்ணில் கிருமி புகுந்து எலும்பு வரை போனால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரும். இன்சோலின் வேலை இந்த அழுத்தத்தைப் பிரித்துக் கொடுப்பது.

கொல்லிமலையில் பிறந்த டாக்டர்

இந்த விஷயத்தை உலகுக்குப் புரிய வைத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் பால் பிராண்ட். 1914ல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். கல்வராயன் மலையைப் போலவே கொல்லிமலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. 1946ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். நோயால் சதை தானாக அழுகி விழுகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். உணர்ச்சி இல்லாததால் ஏற்படும் காயமும் அழுத்தமும்தான் காரணம் என்று அவர் காட்டினார். மைக்ரோ செல்லுலார் ரப்பர், சுருக்கமாக எம்.சி.ஆர்., என்ற மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்புகள் வேலூர், காரிகிரி பகுதியில் நடந்த தொழுநோய்ப் பணிகளில் பயன்பாட்டுக்கு வந்தன. இன்றும் நம் மருத்துவமனைகளில் சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதித் தரப்படுவது இந்த எம்.சி.ஆர். செருப்புதான்.

1966ல் அமெரிக்கா சென்ற பிராண்ட், தொழுநோயாளிகளிடம் கற்றதைச் சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பயன்படுத்தினார். எந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்று கண்டுபிடிக்க ஒரு காலுறையையும் சோதித்துப் பார்த்தார். அழுத்தம் பட்டால் உடையும் நுண்ணிய சாயக் குமிழ்கள் அதில் பதிக்கப்பட்டிருந்தன. போட்டு நடந்தால், அழுத்தம் அதிகமான இடத்தில் நிறம் மாறி விடும். இன்று கம்ப்யூட்டர் திரையில் சிவப்பும் நீலமுமாகத் தெரியும் பாத வரைபடத்தின் முன்னோடி என்று அதைச் சொல்லலாம்.

ஒரு சின்னக் கணக்கு

அழுத்தம் என்பது எடையை அது விழும் பரப்பால் வகுத்தால் வருவது. இதைக் கணக்காகவே பார்த்து விடுவோம். கால்குலேட்டர் புரோகிராமைத் திறந்து நீங்களும் போட்டுப் பார்க்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் தரும் விசை 60 X 9.8 = 588 நியூட்டன். அவர் இரண்டு காலிலும் சமமாக நிற்கிறார். ஒரு காலுக்கு 294 நியூட்டன். பாதம் தரையில் படும் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். அழுத்தம் சுமார் 29 கிலோ பாஸ்கல்.

இப்போது அவர் நடக்கிறார். குதிகாலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும் நேரத்தில் முழு எடையும் ஒரு காலின் முன்பாதத்தில் விழுகிறது. அங்கே தரையில் படும் பரப்பு 20 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 294 கிலோ பாஸ்கல். அதாவது நிற்கும்போது இருந்ததைப் போல 10 மடங்கு!

பாதத்தின் வளைவுக்கு அடியிலும் இன்சோல் தாங்கிப் பிடித்து, எடை விழும் பரப்பை 40 சதுர செ.மீ. ஆக்கினால்? அழுத்தம் பாதியாகி 147 கிலோ பாஸ்கல் ஆகிறது. எடை குறையவில்லை, நடை மாறவில்லை. பரப்பு மட்டுமே கூடியது. இன்சோலின் ரகசியம் இவ்வளவுதான்.

ஒருமுறை புண் வந்து ஆறியவர்களுக்குச் செருப்புக்குள் அழுத்தம் 200 கிலோ பாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முன்பிருந்ததில் 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பது சர்வதேச நிபுணர் குழு தரும் அளவுகோல்.

கிளினிக்கில் முதலில் நடப்பது

நல்ல பாத கிளினிக்கில் முதல் கருவி கம்ப்யூட்டர் அல்ல, ஒரு நைலான் நரம்பு. மோனோபிலமென்ட் என்ற இதைப் பாதத்தில் வைத்து அழுத்தினால், சரியாக 10 கிராம் விசையில் வளையும். கண்ணை மூடிக் கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் பாதுகாப்பு உணர்ச்சி போய் விட்டது என்று பொருள். அடுத்து காலில் நாடித் துடிப்பைப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு இன்சோல் மட்டும் போதாது. விரல் மடங்கியுள்ளதா, தோல் தடித்துள்ளதா என்றும் பார்ப்பார்கள்.

இந்தச் சோதனைகள் எதுவும் செய்யாமல் நேராக ஸ்கேனர் மேல் ஏறச் சொல்லும் இடமாக இருந்தால் யோசியுங்கள். முக்கியமாக, இப்போது புண் இருந்தால் அதற்கான சிகிச்சையே வேறு. மாவுக் கட்டு போன்ற முறைகளால் அந்த இடத்தில் எடை விழாமல் செய்து, முதலில் புண்ணை ஆற்ற வேண்டும். இன்சோல் என்பது புண் வராமல் தடுக்க.

400 பிக்ஸெல் கேமரா

அடுத்து அழுத்தம் அளக்கும் பலகை. பார்ப்பதற்கு எடை பார்க்கும் மெஷின் போல இருக்கும். அதன் மேல் வெறுங்காலுடன் நடக்கச் சொல்வார்கள். உள்ளே வரிசையாகச் சென்சார்கள் உள்ளன. பொதுவாக ஒரு சதுர செ.மீட்டருக்கு 1 முதல் 4 வரை இருக்கும். 4 என்று வைத்துக் கொண்டால் 100 சதுர செ.மீ. பாதத்திற்கு 400 சென்சார்கள். அதாவது இது 400 பிக்ஸெல் கேமரா! உங்கள் செல்போன் கேமராவில் பல லட்சம் பிக்ஸெல்கள் உள்ளன. ஆனால் அந்தக் கேமராவுக்கு அழுத்தம் தெரியாது.

பலகை நொடிக்கு 100 முறை அளந்தால், ஒரு அடி வைக்கும் சுமார் 0.65 நொடியில் 65 படங்கள் கிடைக்கும். மொத்தம் 400 X 65 = 26,000 எண்கள். ஒரு எண்ணுக்கு 2 பைட் என்றால் 52,000 பைட். பழைய 1.44 எம்.பி. பிளாப்பியில் கூட இப்படி 28 அடிகளைச் சேமித்து விடலாம்.

திரையில் நீங்கள் பார்க்கும் வழுவழுப்பான வண்ணப் படம் உண்மையில் இந்த 400 கட்டங்கள்தான். இடைப்பட்ட இடங்களைப் புரோகிராம் தானே கணக்கிட்டு நிரப்புகிறது. சிறிய போட்டோவைப் பெரிதாக்கும்போது உங்கள் கம்ப்யூட்டர் செய்வதும் இதையேதான். எனவே படம் அழகாக இருக்கிறது என்று மயங்க வேண்டாம். எண்களைக் கேளுங்கள். சிவப்பு நிறம் எத்தனை கிலோ பாஸ்கலில் தொடங்குகிறது என்று கேளுங்கள். அந்த அளவை மாற்றி வைத்தால் ஒரே பாதம் முழுக்கச் சிவப்பாகவும் தெரியும், முழுக்க நீலமாகவும் தெரியும்.

கம்ப்யூட்டர் இல்லாத இடங்களில் இங்க் தடவிய ரப்பர் விரிப்பின் மேல் நடக்க வைத்து, பேப்பரில் கால் அச்சு எடுக்கிறார்கள். கருமை அதிகமான இடத்தில் அழுத்தம் அதிகம். எண் கிடைக்காது என்றாலும், ஆபத்தான இடம் எது என்று தெரிந்து விடும். இதையும் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

பாதம் ஒரு பைல் ஆகிறது

பாதத்தின் வடிவத்தை மூன்று வழிகளில் எடுக்கலாம். மாவுக் கட்டு அச்சு, மிதித்தால் அமுங்கும் நுரைப் பெட்டி, 3டி ஸ்கேனர். 3டி ஸ்கேனர் பாதத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி, வளைவு, பள்ளம், மேடு எல்லாவற்றையும் அளக்கிறது. இது பெரும்பாலும் எஸ்.டி.எல். என்ற பார்மட்டில் சேமிக்கப்படுகிறது. 1987ல் 3டி பிரிண்டருக்காக உருவாக்கப்பட்ட பார்மட் இது. போட்டோவில் புள்ளிகள் இருப்பது போல இதில் சின்னச் சின்ன முக்கோணங்கள் இருக்கும். ஒரு முக்கோணத்துக்கு 50 பைட். 50,000 முக்கோணங்கள் உள்ள ஒரு பாதம் சுமார் 2.5 எம்.பி. பென் டிரைவில் எளிதாகக் கொண்டு போகலாம்.

எஸ்.டி.எல். பைலில் மூன்று குறைகள் உண்டு. அவற்றைத் தெரிந்து கொள்ளுங்கள்.

1. அதில் எண்கள் மட்டுமே இருக்கும். அவை மி.மீட்டரா அங்குலமா என்ற குறிப்பு இருக்காது. மாற்றிப் படித்தால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும்.

2. அது வடிவத்தை மட்டுமே சொல்லும். அழுத்தம் வேறு பைலில் இருக்கும். இரண்டையும் சரியாக ஒன்றின் மேல் ஒன்று பொருத்த வேண்டும்.

3. இடது, வலது என்ற குறிப்பு பைல் பெயரில்தான் இருக்கும். பெயர் மாறினால் கால் மாறி விடும்.

மனிதர் கவனிக்க வேண்டிய இடங்கள் இவை.

டிசைனும் தயாரிப்பும்

இப்போது ஆர்த்தோட்டிஸ்ட் எனப்படும் நிபுணர் கம்ப்யூட்டரில் இன்சோலை வரைகிறார். வளைவுக்குத் தாங்கல், குதிகாலுக்குக் கிண்ணம் போன்ற அமைப்பு, அழுத்தம் அதிகமான இடத்தில் சிறு பள்ளம் என்று டாக்டரின் சீட்டில் உள்ளபடி சேர்க்கிறார். விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகளின் பாரத்தைக் குறைக்க ஒரு மேடு வைப்பார்கள். அது எலும்பு முனைக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். சில மி.மீ. முன்னே போய் முனைக்கு நேர் கீழே வந்து விட்டால் அழுத்தம் குறைவதற்குப் பதில் கூடி விடும்.

தயாரிப்பு இரண்டு வகை. கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. மெஷின், ஈ.வி.ஏ. என்ற கெட்டி நுரைக் கட்டியைச் செதுக்கும். 2021ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைச் செய்பவர் என்ன செய்கிறார்? கட்டையில் வேண்டாததை நீக்குகிறார். சி.என்.சி. செய்வதும் அதுதான். 3டி பிரிண்டர் இதற்கு நேர் எதிர். குயவர் மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி வைத்துப் பானையை உயர்த்துவது போல, உருக்கிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காகச் சேர்த்துக் கொண்டே போகும். எதில் செய்தாலும், உணர்ச்சியற்ற காலுக்கு மேல் அடுக்கு மென்மையாக இருக்க வேண்டும்.

கையால் வெட்டி ஒட்டிய எம்.சி.ஆர். இன்சோல் மட்டமானது, கம்ப்யூட்டரில் செய்தது உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். போட்டுக் கொண்டு நடந்தபோது அழுத்தம் குறைந்ததா என்பதுதான் கேள்வி. செருப்புக்குள் வைத்து அளக்கும் மெல்லிய சென்சார் தகடுகள் சில மையங்களில் உள்ளன. இருந்தால், அளந்து காட்டச் சொல்லுங்கள்.

மலையில் இருப்பவர்கள் சொல்ல வேண்டியது

கம்ப்யூட்டருக்குத் தவறான தகவலைக் கொடுத்தால் தவறான விடைதான் வரும். கிளினிக்கில் அளப்பது சமமான டைல்ஸ் தரையில். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர் நடப்பதோ ஏற்ற இறக்கத்தில். இறக்கத்தில் கால் முன்னே சறுக்கி விரல்கள் இடிக்கும். எனவே எங்கே நடக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள், மழையில் நனையுமா என்பதையெல்லாம் நீங்களே சொல்லி விடுங்கள்.

இன்சோலைத் தாங்கும் செருப்பும் முக்கியம். பின்னால் பட்டை, மேலே ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ, போதிய ஆழம் மூன்றும் வேண்டும். ஹவாய் செருப்பு இதற்கு ஆகாது. விரல் இடுக்கில் வார் உரசும். கழன்று விழுந்தாலும் உணர்ச்சி இல்லாதவருக்குத் தெரியாது.

நம் ஊரில் இன்னொரு சிக்கல். செருப்பை வாசலில் விட்டு விட்டு வீட்டுக்குள் வெறுங்காலுடன் நடக்கிறோம். வீட்டுக்குள் நடக்கும் அடிகளும் அடிகள்தானே! வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி தேவை. மதிய வெயிலில் கோயில் கல்தரை, 14 கி.மீ. திருவண்ணாமலை கிரிவலம், தீமிதி போன்றவற்றுக்குப் போகும் முன் டாக்டரிடம் பேசி விடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்யக் கூடியது

1. நோயாளியின் பெயரில் ஒரு போல்டர் திறங்கள். அதற்குள் ஒவ்வொரு முறை கிளினிக் போகும்போதும் 2025-03-14 என்பது போல ஆண்டு, மாதம், தேதி வரிசையில் ஒரு போல்டர். இப்படிப் பெயரிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே வரிசைப்படுத்தி விடும்.

2. டாக்டரின் சீட்டு, அழுத்த ரிப்போர்ட், எஸ்.டி.எல். பைல்கள் ஆகியவற்றைப் பென் டிரைவில் கேட்டு வாங்கி இதில் சேமியுங்கள். அடுத்த இன்சோலுக்கு ஒப்பிட உதவும். இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும்.

3. வாரம் ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு உள்ளங்காலையும் போட்டோ எடுங்கள். போன மாதப் படத்தைப் பக்கத்தில் திறந்து பாருங்கள். குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாத பெரியவர்களுக்கு இது மிகவும் உதவும். ஆனால் தினமும் கண்ணால் பார்ப்பதற்கு இது மாற்று அல்ல.

4. எக்ஸெலில் தேதி, எத்தனை மணி நேரம் அணிந்தார், எங்கே சிவந்தது என்று மூன்று காலம் போடுங்கள். புது இன்சோலை முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் அணிந்து, பிறகு சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கழற்றி அரை மணி நேரம் ஆகியும் சிவப்பு மறையவில்லை என்றால் நிறுத்தி விட்டுக் கிளினிக்குக்குப் போங்கள்.

5. வீட்டு ஸ்கேனரின் மேல் ஏறி நின்று கால் அச்சு எடுக்க முயற்சிக்காதீர்கள். அதன் கண்ணாடி மனித எடைக்குச் செய்யப்பட்டதல்ல. உடைந்தால் உணர்ச்சியற்ற காலுக்கு அதைவிட ஆபத்து இல்லை.

6. போட்டோ அனுப்பினால் இன்சோல் அனுப்புகிறோம் என்ற விளம்பரங்கள் இண்டர்நெட்டில் வரும். போட்டோவில் உணர்ச்சியும் தெரியாது, ரத்த ஓட்டமும் தெரியாது.

எங்கே போவது?

மலைக் கிராமத்தில் இருந்தாலும் தொடக்கம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம்தான். சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பரிசோதிக்க ‘பாதம் பாதுகாப்போம்’ என்ற திட்டமே தமிழக அரசிடம் உள்ளது. 2021ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டு வரும் பணியாளரிடமும் கேட்கலாம். அடுத்து சிறுவங்கூரில் உள்ள கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மேல் சிகிச்சைக்கு புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை கே.கே. நகரில் உள்ள அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், ராயபுரம் எம்.வி. சர்க்கரை நோய் மருத்துவமனை ஆகியவை உள்ளன. தனியாரிடம் போனால், இன்சோல் செய்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

ஒருமுறை வாங்கியதோடு வேலை முடியாது. உணர்ச்சி மட்டும் போனவர்கள் 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறையும், முன்பே புண் வந்தவர்கள் 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறையும் பாதத்தைக் காட்ட வேண்டும். இன்சோலும் தேயும், அமுங்கும். அடுத்த தேதியை இன்றே உங்கள் கம்ப்யூட்டர் காலண்டரிலோ செல்போனிலோ நினைவூட்டலாகப் பதிந்து விடுங்கள். உணர்ச்சி இல்லாத கால் வலித்து நினைவூட்டாது. அந்த வேலையை நம் கம்ப்யூட்டர் செய்யட்டும்.